கழுவிய பூட்ஸும் கணக்கில் வராத உப்பும்

அன்டார்க்டிகாக் கரையோரத்தில் சுற்றுலாக் கப்பல் நங்கூரம் பாய்ச்சியதும் பயணிகள் செய்ய வேண்டிய முதல் வேலை பூட்ஸ் கழுவுவது. கிருமிநாசினி கலந்த தொட்டியில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை முக்கித் தூரிகையால் தேய்க்கிறார்கள். அடிப்பாகத்து வரிப்பள்ளங்களில் கடித்துக்கொண்டிருக்கும் மண்ணையும் சிறுகல்லையும் காகிதக் கிளிப்பை நிமிர்த்திக் குத்தி எடுக்கிறார்கள். எங்கோ ஒரு பூங்காவில் ஒட்டிய புல்விதை மேற்சட்டையின் வெல்க்ரோ பட்டையில் இருக்கலாம் என்று சாமணத்தால் கிளறுகிறார்கள். கேமராப் பையின் மூலைமுடுக்குகளை வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுகிறார்கள். இதெல்லாம் முடிந்து வழிகாட்டி தலையாட்டினால்தான் ரப்பர் படகில் இடம். வீட்டுக்கு வருகிறவர் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே நுழையும் நம் பழைய வழக்கத்தை அந்தப் பனிக்கரையில் விதியாக்கி வைத்திருக்கிறார்கள். தோல் காலணிக்கு அங்கே மதிப்பில்லை. ஈரத்தையும் மண்ணையும் அது உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். உலகமெல்லாம் ஷூ அனுப்பும் ஆம்பூருக்கு வாடிக்கையாளரே இல்லாத கரை ஒன்று உண்டென்றால் அதுதான்.

இந்தக் கரையிறக்கத்தையும், அதற்காகவே பல லட்சம் ரூபாய் கொடுத்து மக்கள் போகிற பென்குயின், சீல், திமிங்கலப் பார்வையையும் எடைபோட ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் சம்பந்தமில்லாத இடங்களாகத் தோன்றலாம். எனக்கு அவை பொருத்தமான இடங்களாகவே படுகின்றன. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலைச் சுத்தப்படுத்திய வரலாற்றில் ஒரு கட்டம் உண்டு. டேனரிகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஊறல் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்தும் வந்த கழிவுநீரின் நாற்றம் குறைந்தது, நிறம் வெளுத்தது, குரோமியம் சேற்றோடு பிரிந்தது. வெளியே வந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் பச்சைத் தோல் அழுகாமலிருக்க அள்ளி அள்ளிப் போட்ட உப்பு அந்த நீரில் கரைந்தே இருந்தது. அந்த முறைக்கு உப்பைப் பிடிக்கத் தெரியாது. உப்பைப் பிரிக்கிற சவ்வூடுபரவல் இயந்திரங்களும் நீரை ஆவியாக்கும் கலன்களும் பிற்பாடுதான் வந்தன. அப்படிப் பிரித்த உப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வி கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. குளிர்க்கடல் சுற்றுலாவின் கரையிறக்க முறை இன்று அந்த முதல் கட்டத்தில் நிற்கிறது என்பதே என் வாதம். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைப் பிடிப்பதில் அது உலகத்திலேயே முதல்தரம். கரைந்து போகிற அழுக்குக்கு அதனிடம் தொட்டி இல்லை.

முதல்தரம் என்று சொன்னது உபசாரத்துக்காக இல்லை. அந்தக் கடலுக்கு மனிதர்கள் முன்பு எதற்காகப் போனார்கள் என்பதை நினைத்தால் அதன் மதிப்பு தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு ஜார்ஜியாத் தீவுக்கு முதலில் கூட்டமாகப் போனவர்கள் தோலுக்காகப் போனார்கள். கரையில் படுத்திருந்த உரோமச் சீல்களைத் தடியால் அடித்து, உரித்து, பெரும்பகுதியை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து அனுப்பினார்கள். நம் ஊர் மண்டிக்கு ஆட்டுத்தோல் வருகிற அதே பக்குவம்தான். அந்தத் தீவில் மட்டும் பன்னிரண்டு லட்சம் சீல்களுக்குக் குறையாமல் கொல்லப்பட்டிருக்கும் என்று ஜேம்ஸ் வெடல் என்ற கப்பல் தலைவர் 1825-ல் கணக்கிட்டார். அவரே அந்தத் தொழிலில் இருந்தவர். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது அங்கே உரோமச் சீல் அற்றே போய்விட்டது என்று நம்பினார்கள். அப்புறம் திமிங்கல எண்ணெய்க்காக வந்தார்கள். அதே தீவின் கிரிட்விக்கனில் துருப்பிடித்து நிற்கும் கொதிகலன்களைத்தான் இன்றைய பயணிகள் படம் எடுக்கிறார்கள். எங்கோ ஒரு பாறையிடுக்கில் தப்பிய சில உரோமச் சீல்கள் இன்று லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. சில கரைகளில் ரப்பர் படகை ஏற்றவே இடம் விடுவதில்லை. ஒரு விலங்கின் தோலில் இருந்த விலை அதன் உயிரோடிருக்கும் தோற்றத்துக்கு மாறியிருக்கிறது. தோல் வணிகத்தில் தலைமுறைகளாக இருக்கிற ஒரு வட்டாரத்துக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளும் வெறும் காகிதமாக இல்லை. 1991-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அன்டார்க்டிகப் பயண நடத்துநர்களின் சர்வதேசச் சங்கம், சுருக்கமாக ஐயாட்டோ, தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் பல அரசுகளின் சட்டத்தைவிடக் கறாரானவை. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது; இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர், உரோமச் சீலிடமிருந்து பதினைந்து மீட்டர். கடலுக்கும் கூட்டுக்கும் போய்வந்து பென்குயின்கள் பனியில் பதித்த தடத்தில் மனிதர் நிற்கக் கூடாது. பறவை வந்தால் வழிவிட வேண்டியவர் மனிதர்தான். பல இடங்களில் இரவு பத்து மணியிலிருந்து விடிகாலை நான்கு வரை விலங்குகளுக்கு ஓய்வு நேரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் தெற்கே பரவும் என்ற அச்சம் வந்ததும் கரையில் உட்காரவும் மண்டியிடவும் பையைத் தரையில் வைக்கவும் தடை போட்டார்கள். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவுக்கும் 2024 பிப்ரவரியில் அன்டார்க்டிகப் பெருநிலத்துக்கும் அந்த நோய் வந்தே விட்டது. அதைக் கொண்டுவந்தவை வலசைப் பறவைகள். பூட்ஸின் மேல் பழி இல்லை.

இந்தக் கட்டுப்பாடு பலன் தருகிறது என்பதற்குக் கூடியர் தீவு ஒரு சான்று. போர்ட் லாக்ராய் என்ற பழைய பிரிட்டிஷ் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அஞ்சலகமும் சிறு அருங்காட்சியகமும் உண்டு. கால்பந்து மைதானம் அளவேயுள்ள அந்தத் துண்டு நிலத்துக்கு ஒரு கோடையில் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகிறார்கள். தீவில் ஒரு பகுதியைப் பயணிகளுக்குத் திறந்து, மறு பகுதியை மூடி வைத்து, இரண்டிலும் ஜென்டூ பென்குயின்கள் எப்படி முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன என்று 1990களிலிருந்து எண்ணிவருகிறார்கள். இவ்வளவு கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதே அந்தக் கணக்கிலிருந்து திரும்பத் திரும்ப வந்த செய்தி. தெற்கு ஜார்ஜியாவில் இன்னொரு நன்மை: வேட்டைக்காரர்களின் கப்பலில் வந்திறங்கித் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்த எலிகளை ஒழிக்கும் பெரும் பணி 2011-ல் தொடங்கியது, 2018-ல் தீவு எலியற்றது என்று அறிவித்தார்கள். அதற்குச் சேர்ந்த நன்கொடையில் கப்பல் பயணிகள் கொடுத்த பணமும் உண்டு. ஹாப்பிவேல் என்ற இணையத் தொகுப்புக்குப் பயணிகள் அனுப்புகிற திமிங்கல வால் படங்களை வைத்து ஒவ்வொரு திமிங்கலத்தையும் அடையாளம் கண்டு, எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று ஆய்வாளர்கள் தொடர்கிறார்கள். பணம் கட்டி வேடிக்கை பார்க்க வந்தவன் தெரியாமலேயே கணக்கெடுப்பாளனாகிவிடுகிறான்.

நம் பக்கத்துக் கடலோடு ஒப்பிட்டால் இதன் அருமை இன்னும் விளங்கும். சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் 2023-ல் சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியபின் கரை உலாவும் திமிங்கலம் பார்ப்பதும் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. இலங்கையின் தென்கோடியில் மிரிஸ்ஸவிலிருந்து படகேறினால் சில மணி நேரத்தில் நீலத் திமிங்கலத்தைப் பார்த்துவிடலாம். உலகில் இவ்வளவு எளிதாக அது கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை. எவ்வளவு தூரம் விட்டு நிற்க வேண்டும் என்று 2012-லேயே அரசு விதி வந்துவிட்டது. ஆனாலும் ஒரு திமிங்கலம் மூச்சுவிட மேலே வந்ததும் பத்துப் படகுகள் பாய்ந்து சூழ்வதும், ஒன்றின் முன் ஒன்று குறுக்கே செலுத்துவதும் பலமுறை பதிவான காட்சிகள். மீன்பிடியை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்த படகுக்காரருக்கு வாடிக்கையாளர் திருப்தியே கூலி. கிட்டே போகாதவனுக்கு மறுநாள் சவாரி இல்லை. அந்தப் போட்டியை விதியால் அடக்கிக் காட்டியிருக்கிறது அன்டார்க்டிகா.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குறையைப் பேச முடியும். முதல் குறை, நல்லது நடக்கிறது என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பயணியின் கண்ணுக்குப் பென்குயின் ஓடாமல் இருந்தால் அது அமைதியாக இருக்கிறது என்று பொருள். கூட்டில் முட்டைபோன்ற கருவியை வைத்து அடைகாக்கும் பறவையின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வுகள் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கின்றன. மெதுவாக, ஒழுங்காக நெருங்கியவர்களிடம் சில ஜென்டூக்கள் துடிப்பு மாறாமல் இருந்தன. வேறு சந்தர்ப்பங்களில் பறவை துளியும் அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே துடிப்பு மட்டும் ஏறியது. முட்டையை விட்டு எழுந்தால் ஸ்குவா பறவை தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பென்குயின் அசைவதில்லை. அதை நாம் நட்பு என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுகிறோம். போர்ட் லாக்ராய்க் கணக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. ஒரு பருவத்தில் எத்தனை முறை அந்தத் துடிப்பு ஏறி இறங்கியது என்பதற்கு அதில் பத்தி கிடையாது. டம்ளரில் தெளிந்து தெரிந்த நீரைப் போன்ற சான்று இது. பொய்யென்று தள்ள முடியாது. முழுமை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இரண்டாவது குறைதான் என் வாதத்தின் நடுநரம்பு. மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் ஒரு வருகையை அளக்கின்றன, மொத்தத்தை அளப்பதில்லை. ஒரு நேரத்தில் நூறு பேர் என்பது நல்ல விதி. அந்த நூறு பேர் படகேறியதும் அடுத்த நூறு பேர், அந்தக் கப்பல் போனதும் இன்னொரு கப்பல். சில இடங்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை கப்பல்தான் என்று வரம்பு உண்டு. ஒரு கோடைக்கு இத்தனை பேர், அன்டார்க்டிகத் தீபகற்பத்துக்கு இத்தனை கப்பல் என்று வரம்பு எங்கும் இல்லை. ஐயாட்டோ தொடங்கியபோது ஒரு பருவத்தில் போனவர்கள் ஏழாயிரத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். 2023-24 பருவத்தில் அது 1,22,000-ஐத் தாண்டியது. இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கரையில் இறங்காமல் பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள். ஐந்நூறு பேர் விதி அவர்களைக் கரையிலிருந்து தடுத்தது, கடலிலிருந்து தடுக்கவில்லை. பாலாற்றில் நமக்குப் பழகிய பிழை இது. சுத்திகரித்த நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. லிட்டருக்கு இவ்வளவு என்றால், நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டாலும் அளவுக்குள் வந்துவிடும். ஆனால் ஆறு லிட்டர் கணக்கில் குடிப்பதில்லை. அதற்குள் போகிற மொத்த உப்பும் அதன் மணலில்தான் தங்குகிறது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பே பதிவுசெய்திருக்கிறது. அந்த நிலத்தை எந்த ஒரு டேனரியும் தனியாகக் கெடுக்கவில்லை.

ஒரு கோடியே நாற்பது லட்சம் சதுர கிலோமீட்டர் கண்டத்தில் ஒரு லட்சம் பேர் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். கண்டத்தின் பரப்பு இங்கே ஏமாற்றும் எண். பனி மூடாத தரை அங்கே மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. பென்குயினுக்குக் கூடு கட்டக் கல்லும் வெறுந்தரையும் வேண்டும். பயணிக்கு இறங்கி நடக்க அதே தரை வேண்டும். ஆராய்ச்சி நிலையம் கட்டவும் அதுவே வேண்டும். கூவர்வில் தீவு, நீக்கோ துறை, ஹாஃப்மூன் தீவு, டிசெப்ஷன் தீவின் திமிங்கலக்காரர் விரிகுடா என்று தீபகற்பத்தின் பெயர்பெற்ற சில துறைகளையே கப்பல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஏலகிரிக்குப் போகிற கூட்டமெல்லாம் கடைசியில் புங்கனூர் ஏரிக்கரையில் வந்து நிற்பதில்லையா? மலையின் பரப்பைக் கூட்டத்தால் வகுத்து அதிகமில்லை என்று சொன்னால் அந்த ஊர்க்காரர் சிரிப்பார்.

மூன்றாவது, கரையிறக்க ஒழுங்கு படகில் ஏறுகிற நொடியில் தொடங்கிப் படகைவிட்டு இறங்குகிற நொடியில் முடிந்துவிடுகிறது. கழுவிய பூட்ஸுக்குப் பின்னால் நிற்கும் கப்பலின் புகைபோக்கி அந்த ஒழுங்குக்குள் அநேகமாக வரவில்லை. கொழகொழப்பான கன எரிபொருளைத் தென்முனைக் கடலில் கொண்டுபோகவும் எரிக்கவும் 2011 ஆகஸ்டிலிருந்து தடை இருக்கிறது. நல்ல தடை, கப்பல் மூழ்கினால் என்ன ஆகும் என்ற பயத்தில் வந்தது. பயம் வீணானதில்லை: 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற பயணக் கப்பல் தெற்கு ஷெட்லண்ட் தீவுகளருகே பனியில் மோதி மூழ்கியது. கடல் அன்றைக்கு அடங்கியிருந்ததாலும் வேறு கப்பல்கள் பக்கத்தில் இருந்ததாலும் 154 பேரும் பிழைத்தார்கள். ஆனால் இலகு எரிபொருளும் கரி கக்காமல் இல்லை. சிலி நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று 2022-ல் வெளியிட்ட ஆய்வு, பயணிகள் இறங்கும் இடங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களைச் சுற்றியும் பனியில் படிந்த கரித்துகளை அளந்தது. வெள்ளைப் பனி சற்றே கறுத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு பயணிக்குச் சுமார் 80 டன் பனி கூடுதலாக உருகுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. இதில் விமானம் சேரவில்லை. சென்னையிலிருந்து போகிறவருக்குப் புவெனஸ் ஐரிஸ் வரையே 15,000 கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கிருந்து உஷுவாயாத் துறைமுகத்துக்கு இன்னொரு விமானம், அதன்பிறகுதான் கப்பல். வெல்க்ரோவிலிருந்து ஒரு புல்விதையைச் சாமணத்தால் எடுத்த அக்கறையை இந்தத் தொலைவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அக்கறையின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. அதன் கை எட்டுகிற தூரத்தில்தான் சந்தேகம்.

இதற்குத் தொழில் தரப்பு சொல்லும் மிகப் பெரிய பதில், போய்வந்தவர்கள் அந்தக் கண்டத்தின் தூதர்களாகிறார்கள் என்பது. நேரில் பார்த்ததைத்தான் மனிதன் நேசிப்பான், நேசித்ததைத்தான் காப்பான் என்கிறார்கள். இந்தக் கருத்தை 1960களில் அன்டார்க்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துப்போகத் தொடங்கிய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் காலத்திலிருந்தே கேட்கலாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போய்வந்தபின் அவர்கள் வாழ்க்கையில், பயணப் பழக்கத்தில் என்ன மாறியது என்று தேடிப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வொன்றுக்குத் தூதர்கள் உருவானதற்கான சான்று கிடைக்கவில்லை. ஆறு கண்டம் முடித்தவர் ஏழாவதாக இதை எண்ணிக்கையில் சேர்ப்பதும், உருகுவதற்குள் பார்த்துவிடுவோம் என்று ஓடுவதும் விளம்பரங்களிலேயே வெளிப்படையாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், அன்டார்க்டிகாவை ஆயுதமற்ற, சுரங்கமற்ற இடமாக வைத்திருக்கும் ஏற்பாடுகளைச் செய்தவர்கள் பயணிகள் இல்லை. 1959-ல் கையெழுத்தான ஒப்பந்தமும் சுரங்கத்துக்குத் தடைபோட்ட 1991-ஆம் ஆண்டு மாட்ரிட் உடன்படிக்கையும் அரசுகள் பேசி முடித்தவை. பாலாற்றுக்காக நீதிமன்றம் போனவர்களும் ஆற்றைச் சுற்றுலாவாகப் பார்த்து மனம் உருகியவர்களில்லை. அவர்கள் வீட்டுக் கிணறு உவர்த்தது.

விஞ்ஞானிகள் மட்டும் சுத்தமா என்ற கேள்வி நியாயமானது. இல்லை. அன்டார்க்டிகாவுக்குப் போகிறவர்களின் உடையிலும் பையிலும் விதைகளைத் தேடிய 2012 ஆய்வில், தலைக்கணக்கில் பயணிகளைவிட ஆராய்ச்சியாளர்களும் பணியாளர்களும் அதிக விதைகளைச் சுமந்தது தெரிந்தது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நிலையத்தைச் சுற்றி முளைத்து நின்ற ஓராண்டுப் புல், பயணிகள் கூட்டம் பெருகுவதற்கு முன்பே, 1980களில் காலூன்றியது. தக்ஷிண் கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என்று நிலையம் கட்டிய நமக்கும் இதில் பங்கில்லை என்று கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பக்கத்து டேனரியும்தானே விடுகிறது என்ற அதே வாசலில். நிலையங்களையும் கப்பல்களையும் ஒரே கணக்கில் சேர்த்து மொத்தத்துக்கு வரம்பு போட வேண்டும் என்பதற்குத்தான் அது வலு சேர்க்கிறது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் நம் ஊருக்குள்ளிருந்தே வரும். தோல் தொழிலை உல்லாசக் கப்பலோடு ஒப்பிடுவது அநியாயம், இது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, காலை ஷிஃப்டுக்குப் பேருந்து ஏறுகிற பெண்களின் சம்பளத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதுவோ பணக்காரர் பொழுதுபோக்கு என்பார்கள். உண்மைதான். அதனால்தான் ஒப்பீடு இன்னும் இறுகுகிறது. ஒரு கிலோ தோலுக்கு முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் கேட்கிற தொழிலுக்குத் தவணை கொடுத்துக்கொண்டே வந்ததற்கு வயிறு என்ற காரணமாவது இருந்தது. மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு போட்டால் உஷுவாயாத் துறைமுகத்தில் சிலருக்கு வேலை குறையும், கட்டணம் ஏறும், வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். இவை கஷ்டங்கள்தான், பட்டினி இல்லை. கட்டணம் ஏறினால் பெரும் பணக்காரர் மட்டுமே போவார்கள் என்ற கவலைக்குக் குலுக்கல் முறை போன்ற வழிகள் உண்டு. இன்றைய கட்டணமே ஏழைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

வரம்பு போட முடியும் என்று வடமுனை காட்டியிருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து புதிய விதிகள் வந்தன. காப்புப் பகுதிகளில் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை. அங்கே கரையிறங்கப் பெயர் குறித்த 43 இடங்கள் மட்டும். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச்சிலிருந்து ஜூன் வரை 500 மீட்டர். ஐந்நூறு மீட்டரில் கரடி ஒரு வெண்புள்ளி. படம் எடுக்க வந்தவருக்கு ஏமாற்றம்தான். 2018 ஜூலையில் அங்கே கரையிறங்கும் குழுவுக்குக் காவலாகப் போனவரைக் கரடி தாக்கியது, கூட இருந்தவர்கள் அதைச் சுட்டார்கள். மனிதர் அங்கே இறங்காமலிருந்தால் அந்தக் கரடி சுடப்பட்டிருக்காது என்று உலகமெல்லாம் எழுந்த கோபம் நினைவிருக்கலாம். கரையிறங்கும் துறைகளின் பட்டியலையே சுருக்கியதால், பயணிக்குப் பயணி என்ற கணக்கிலிருந்து இடத்துக்கு இடம் என்ற கணக்குக்கு நார்வே ஒரு படி நகர்ந்திருக்கிறது. அதற்கு வசதி, அந்தத் தீவுகளில் சட்டம் போட ஓர் அரசு இருக்கிறது.

அன்டார்க்டிகாவுக்கு அப்படி ஓர் அரசு இல்லை. 1959 ஒப்பந்தத்தில் வாக்குரிமையுள்ள 29 நாடுகள், எல்லாரும் இசைந்தால்தான் முடிவு. ஐந்நூறு பேர், நூறு பேர் விதிகளைக் கட்டாயமாக்கும் தீர்மானத்தை 2009-ல் ஏற்றுக்கொண்ட அந்த நாடுகள், 2024 மே 20 முதல் 30 வரை நம் கொச்சியில் கூடியபோதும் அதற்கான ஒப்புதலைக் கொடுத்து முடித்திருக்கவில்லை. சங்கம் தானாகப் பின்பற்றுவதால்தான் அந்த விதி உயிரோடிருக்கிறது. சங்கத்தில் சேராத கப்பலை அது கட்டாது. கொச்சியில் ஒரு நல்லது நடந்தது. சுற்றுலாவுக்கென்றே விரிவான ஒழுங்குமுறை ஒன்றை உருவாக்கத் தனிப் பணிக்குழுவை உட்கார வைத்தார்கள். விருந்தோம்பிய இந்தியாவும் 2022-லேயே அன்டார்க்டிகச் சட்டம் இயற்றி, இந்தியப் பயணங்களுக்கு அனுமதி வேண்டும், அங்குள்ள பறவையையும் சீலையும் தொந்தரவு செய்தால் குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்திலும் மொத்தம் என்ற சொல்லுக்கு வேலையில்லை.

பாலாற்றுக்கு ஒரு வாதி இருந்தார். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற பெயரில் போன வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தும், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக, இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கட்டும் என்றும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்றும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். வாதியும் நீதிமன்றமும் அளந்து சொல்ல அதிகாரிகளும் இருந்த இடத்தில் ஆன காலம் இது. கூவர்வில் தீவில் கிணறு உவர்த்துவிட்டது என்று மனு எழுத யாரும் குடியிருக்கவில்லை. கொச்சியில் பேச்சு நடந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில், நவம்பரில் உஷுவாயாவிலிருந்து கிளம்பும் கப்பல்களின் அறைகள் விற்றுக்கொண்டிருந்தன.